பேய் ஆட்டத்துக்கு எந்தப் பகடை?

மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிப் பேசியே ஒரு கதையை நடத்திக்கொண்டு போகும் விளையாட்டு நம் பிள்ளைகளிடையே மெல்லப் பரவி வருகிறது. ரோல் ப்ளேயிங் கேம் என்பார்கள். புனேயில் எங்கள் குடியிருப்பிலேயே இரண்டு குழுக்கள் உண்டு. என் மகளும் அண்ணன் மகனும் அதில் ஒன்றில் இருக்கிறார்கள். இந்தக் கோடை விடுமுறைக்குப் பேய்க்கதை ஆட்டம்தான் என்று முடிவு செய்துவிட்டு, "சித்தப்பா, எந்த விதிமுறைப் புத்தகம் வாங்கலாம்?" என்று வந்து நின்றார்கள். இருபது வருடமாக இந்தப் பித்தோடு அலைகிறவன் என்பதால் என்னிடம் வந்ததில் ஆச்சரியமில்லை. "எதை வாங்கினால் என்ன, பேய் பேய்தானே?" என்றாள் என் மனைவி. அப்படியில்லை. எந்த விதிமுறை என்பதைப் பொறுத்துப் பேயே மாறிவிடும்.

புதியவர்களுக்காக இரண்டு வார்த்தை. ஆட்டத்தில் ஒருவர் கதைசொல்லி. (நடத்துநர் என்றும் சொல்லலாம்தான். எனக்கு பஸ் டிக்கெட் ஞாபகம் வந்துவிடுகிறது.) "நான் கதவைத் திறக்கிறேன்" என்று ஆட்டக்காரர் சொன்னால், உள்ளே என்ன தெரிகிறது என்பதைக் கதைசொல்லி சொல்வார். பூட்டு உடைந்ததா, ஓடித் தப்ப முடிந்ததா என்று சந்தேகம் வரும் இடத்தில் பகடை உருளும். எப்போது உருட்டுவது, எத்தனை விழுந்தால் ஜெயம், தோற்றால் எதை இழப்பது என்று சொல்வதுதான் விதிமுறை. பரமபதத்தைப் போலக் கட்டம் போட்ட பலகை வேண்டியதில்லை. கடைசியில் ஒருவர் ஜெயித்து மற்றவர் தோற்பதும் இல்லை.

இந்த ஆட்டங்களுக்கெல்லாம் மூத்தது 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கி வெளியிட்டது. வாளும் மந்திரமுமான வீரசாகச ஆட்டம் அது. அதிலும் பேய்க்கதை உண்டு. 1983-ல் ட்ரேசி, லாரா ஹிக்மன் தம்பதி எழுதிய 'ரேவன்லாஃப்ட்' என்ற ரத்தக்காட்டேரி மாளிகைக் கதை இன்றைக்கும் பேர் சொல்கிறது. ஆனால் அந்த விதிமுறையில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் உயிர்ப்புள்ளி என்று ஒரு கணக்கு இருக்கிறது. அனுபவம் கூடக் கூட அதுவும் கூடிக்கொண்டே போகும். எழுபது புள்ளி வைத்திருக்கும் வீரன் முன்னால் இருட்டிலிருந்து எதைக் கிளப்பிவிட்டாலும், "அடி எத்தனை புள்ளி?" என்றுதான் கேட்பான். நீங்கள் குரலைத் தாழ்த்தி என்ன சொல்லியும் பிரயோசனமில்லை. நாளுக்கு நாள் பலம் ஏறுகிறவனுக்குப் பயம் எப்படி வரும்?

சோலாப்பூரில் தண்ணீர் பிடிக்க இறங்கிய அப்பா திரும்பி ஏறுவதற்குள் வண்டி அசைந்தால், ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு வருகிறதே, அதுதான் பயம். கண்ணெதிரே ஒன்று குறைந்துகொண்டே வருகிறது, நம்மால் நிறுத்த முடியவில்லை. ஒரு பேய் ஆட்டத்தின் விதிமுறையைக் கையில் எடுத்தால் நான் முதலில் பார்ப்பது இதில் என்ன குறைகிறது என்பதைத்தான்.

'கால் ஆஃப் கதூலு' என்ற ஆட்டத்தில் குறைவது புத்தி. 1981-ல் கேயாசியம் நிறுவனம் வெளியிட்டது, எழுதியவர் சாண்டி பீட்டர்சன். அமெரிக்க எழுத்தாளர் எச்.பி. லவ்கிராஃப்ட் (1890-1937) எழுதிய கதைகளின் உலகம் இது. கதூலு என்பது கடலடியில் உறங்கும் ஒரு பூதத்தின் பெயர். மனித நாக்குக்கு அடங்காத பெயராக இருக்கட்டும் என்றே அவர் வைத்தது, ஆகவே நான் எழுதியிருப்பது தப்பு என்று யாரும் கடிதம் போட வேண்டாம். அவர் எழுத்தில் வெளிப்படையான இனவெறி உண்டு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர் கண்ணுக்கு நாமெல்லாம் எந்தப் பக்கம் என்று பிள்ளைகள் கேட்டால் மழுப்பாமல் பதில் சொல்லுங்கள்.

ஆட்டம் நூற்றுக்கு இத்தனை என்ற கணக்கில் நடக்கிறது. பத்துப் பக்கப் பகடை இரண்டு, ஒன்று பத்தாம் தானத்துக்கு, மற்றொன்று ஒன்றாம் தானத்துக்கு. நூலகத்தில் தேடும் திறமை 60 என்றால், 60 அல்லது அதற்குக் கீழே விழ வேண்டும். மார்க் ஷீட் பார்த்தே வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். இதோடு புத்தித் தெளிவுக்கு என்று தனியாக ஓர் எண். 2014-ல் வந்த ஏழாம் பதிப்பின்படி அது பாத்திரத்தின் மனவலிமை எண்ணிலிருந்து தொடங்கும். 55 என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டால் பகடை போட வேண்டும். 55-க்கு மேலே விழுந்தால் நாலோ ஆறோ போய்விடும். இனி நீங்கள் 50-க்குள் போட்டாக வேண்டும். அடுத்த முறை தோற்பது இன்னும் சுலபம். கடன்காரனின் வட்டியைப் போலத்தான்.

இதில் நான் ரசிக்கும் ஒரு குரூரம் உண்டு. ஒரே வீச்சில் ஐந்தோ அதற்கு மேலோ போனால், அடுத்து அறிவுக்கு ஒரு பகடை. அதில் தோற்றவன் பிழைத்தான், பார்த்தது என்னவென்று அவனுக்கு விளங்கவில்லை. ஜெயித்தவனுக்கு விளங்கிவிட்டது, அவனுக்குத்தான் சித்தம் கலங்கும். இந்த ஆட்டத்தில் மந்திரச் சுவடிகளைப் படித்தால் மர்மங்களைப் பற்றிய அறிவு கூடும். கூடும் அளவுக்குப் புத்தித் தெளிவின் உச்சவரம்பு 99-லிருந்து இறங்கும். படி, படி என்று சொல்லியே பிள்ளை வளர்க்கும் வீடுகளில் இப்படி ஒரு விதியை வாசித்துக் காட்டினால் என்ன சிரிப்பு சிரிக்கிறார்கள் என்பதை நீங்கள் பார்க்க வேண்டும்.

குறை இல்லாமலில்லை. இது துப்பறியும் கதை. ரகசியக் கடிதம் மேஜை இழுப்பறையில் இருக்கிறது, தேடும் பகடை தோற்றுவிட்டது என்றால் கதை அங்கேயே நின்றுவிடும். நாலு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு மிக்சர் தின்றுகொண்டிருப்பார்கள். விவரமான கதைசொல்லி முக்கியமான தடயத்தைப் பகடையை நம்பி விடமாட்டார். ஏழாம் பதிப்பில், தோற்ற பகடையை மறுபடி போடலாம், ஆனால் இரண்டாம் முறையும் தோற்றால் விபரீதம் பெரிதாக இருக்கும் என்று ஒரு நல்ல ஏற்பாடும் இருக்கிறது.

இந்தக் கோளாறுக்கென்றே பிறந்தது ராபின் லாஸ் உருவாக்கிய 'கம்ஷூ' விதிமுறை. அதை வைத்து கென்னத் ஹைட் எழுதிய 'டிரெயில் ஆஃப் கதூலு' 2008-ல் வந்தது. அதே பூதங்கள், வேறு கணக்கு. சரியான இடத்தில் சரியான திறமை உள்ளவர் தேடினால் தடயம் கிடைத்தே தீரும், பகடையே கிடையாது. கிடைத்ததை வைத்துக்கொண்டு என்ன புரிந்துகொள்கிறீர்கள் என்பதுதான் ஆட்டம். ராஜேஷ்குமார் நாவல்களை விடாமல் படித்தவர்களுக்கு இது பிடிக்கும். எனக்குக் கொஞ்சம் சப்பென்றிருக்கும். பகடை கையை விட்டுப் போகும் அந்த அரை விநாடியை நான் இழக்கத் தயாரில்லை.

வாரா வாரம் கூடும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு முதலில் சொன்னதையே எடுங்கள் என்றேன். ஆனால் எங்கள் வீட்டு ஆட்டம் வேறு மாதிரி. அதில் என் அம்மா உண்டு. எழுபத்தைந்து வயது, தமிழ் மட்டும்தான் பேசுவாள். பேய்க்கதை சொல்வதில் எங்கள் தெருவிலேயே அவளை அடிக்க ஆளில்லை. என் மகள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள், மராத்தியில் சண்டை போடுவாள், ஆங்கிலத்தில் யோசிப்பாள், பாட்டியிடம் மட்டும் தட்டுத் தடுமாறித் தமிழ் பேசுவாள். கீழ் வீட்டுப் பையனும் வருவான், பதினேழு வயது. போன வருடம் அவன் அப்பா தவறிவிட்டார். இந்த மூன்று பேரையும் ஒரே மேஜையில் உட்கார வைக்க, ஆங்கிலத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட திறமைகள் அச்சடித்த தாள் உதவாது. அம்மா அந்தத் தாளைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுவாள்.

'ட்ரெட்' என்று ஓர் ஆட்டம். எபிடையா ராவச்சோல், நத்தானியல் பார்மோர் இருவரும் 2005-ல் கொண்டுவந்தது. இதில் பகடையும் இல்லை, எண்ணும் இல்லை. மேஜை நடுவில் ஜெங்கா கோபுரம் ஒன்று இருக்கும். ஐம்பத்துநாலு மரக்கட்டைகளை மூன்று மூன்றாகப் பதினெட்டு அடுக்கு அடுக்குவதுதான் ஜெங்கா, நம் கடைகளிலேயே கிடைக்கிறது. கஷ்டமான காரியம் எதைச் செய்தாலும் ஒரு கட்டையை உருவி மேலே வைக்க வேண்டும். வைத்துவிட்டால் காரியம் கைகூடும். உருவ மாட்டேன் என்று விலகலாம், காரியம் தோற்கும், உயிருக்கு ஆபத்தில்லை. கோபுரம் சரிந்தால் சரித்தவரின் பாத்திரம் கதையை விட்டுப் போயிற்று, அநேகமாகச் சாவுதான்.

மற்ற ஆட்டங்களில் பயப்படுவது பாத்திரம், நாம் அதைத் தாளில் குறித்துக்கொள்கிறோம். இதில் நம் கையே நடுங்குகிறது. முதல் அரை மணி நேரம் எல்லாரும் சிரித்துக்கொண்டு உருவுவார்கள். கோபுரத்தில் ஓட்டைகள் விழுந்த பிறகு ஃபேனை நிறுத்தச் சொல்வார்கள், மேஜையில் முழங்கை வைத்தவரை அதட்டுவார்கள். கதைசொல்லி பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம்.

பாத்திரத்தை உண்டாக்குவது கேள்விகளால். கதைசொல்லி ஒவ்வொருவருக்கும் பத்துப் பன்னிரண்டு கேள்வி எழுதித் தருவார். "உன் தம்பியிடம் இன்றுவரை மறைத்து வைத்திருக்கும் விஷயம் என்ன?" "அந்த வீட்டுக்கு இனிப் போகமாட்டேன் என்று ஏன் சத்தியம் செய்தாய்?" அம்மாவுக்கு இதைக் கேட்டதும் உற்சாகம் வந்துவிட்டது. ஆறு கேள்விக்கு அவள் சொன்ன பதிலைத் தமிழில் எழுதிக்கொள்ள என் மகளுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. "பாட்டி, வெறிச்சோடிப் போறதுன்னா என்ன?" என்று அவள் கேட்டதை நான் அடுக்களையில் இருந்து கேட்டேன். கட்டையை உருவுவதுதான் சிக்கல், அம்மாவுக்கு விரல் நடுக்கம். எதை உருவுவது என்று பாட்டி சொல்ல, பேத்தி உருவுவது என்று வைத்துக்கொண்டோம். அவளுடைய உயிர் இவள் விரலில். விதிமுறைக்கு இது நல்லதொரு கூடுதல் என்பது என் அபிப்பிராயம்.

கீழ் வீட்டுப் பையனை நினைத்துத்தான் எனக்குக் கவலை. ஆட்டத்துக்கு முன்னால், கதையில் எது வரக் கூடாது என்று ஆளுக்கொரு சீட்டில் பெயர் போடாமல் எழுதச் சொன்னேன். அதில் ஒன்றில் "ஆஸ்பத்திரி வேண்டாம்" என்றிருந்தது. யாருடையது என்று கேட்கவில்லை. மேஜை மேல் எக்ஸ் எழுத்துப் போட்ட அட்டை ஒன்றையும் வைத்தேன். ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் என்பவர் ஏற்படுத்திய வழக்கம் இது, இப்போது பல குழுக்களில் இருக்கிறது. யாராவது அதைத் தொட்டால் அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிட்டுக் கதை வேறு பக்கம் திரும்பும், காரணம் கேட்கக் கூடாது. பெரியவர்கள் இருக்கும் சபையில் ஒரு பிள்ளை "இது வேண்டாம் மாமா" என்று வாய்விட்டுச் சொல்லத் தயங்கும். அட்டையைத் தொட அவ்வளவு தைரியம் வேண்டியதில்லை.

மழைக்காலத்தில் மகாபலேஷ்வர் பக்கம் ஒரு பழைய பங்களா, பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது என்பது கதை. ட்ரெட் விதிகளில் ஒன்று, வேண்டுமென்றே கோபுரத்தைத் தள்ளலாம் என்பது. தள்ளினவர் பாத்திரம் இறக்கும், ஆனால் கடைசியாக அவர் செய்ய நினைத்த காரியம் நிறைவேறியே தீரும். மூன்று மணி நேரம் கழித்து, கோபுரம் இனி தொட்டால் விழும் என்ற நிலையில், பாட்டியின் பாத்திரம் மாடியில் மாட்டிக்கொண்டிருந்தது. பையன் எழுந்தான். "பாட்டியைக் கீழே இறக்கிவிட்டு நான் கதவைச் சாத்திக்கிறேன்" என்று சொல்லிக் கோபுரத்தை ஒரு தட்டுத் தட்டினான். கட்டைகள் சிதறின சத்தம் அடங்கியதும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அம்மா, "நல்ல காரியம் பண்ணினேடா கண்ணா" என்று அவன் தலையைத் தடவினாள். ஏழு எட்டுக் கட்டை சோபாவுக்கு அடியில் போய்விட்டன, அவனே குனிந்து எடுத்தான். பகடை ஆட்டமாக இருந்தால் அவன் பாத்திரம் ஏதோ ஓர் எண் விழுந்ததால் செத்திருக்கும். எப்போது, எதற்காக என்பதை இங்கே அவன் தேர்ந்தெடுத்தான். அவனுக்கு அது என்னவாக இருந்தது என்று நான் ஊகித்து எழுதப் போவதில்லை.

பெரியவர்கள் மட்டும் ஆடுவதென்றால் 'டெல்டா கிரீன்' ஒன்று சொல்ல வேண்டும். 1990-களில் 'கால் ஆஃப் கதூலு'வின் துணைநூலாகத் தொடங்கி, 2016-ல் தனி விதிமுறையாக வந்தது. பாத்திரங்கள் ரகசிய அரசாங்க வேலையில் இருப்பவர்கள். ஒவ்வொருவருக்கும் மனைவி, மகன், நண்பன் என்று சில பந்தங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். பயங்கரத்தைக் கண்டு புத்தி குறையப் போகும்போது அந்த அடியைக் கொஞ்சம் தணித்துக்கொள்ளலாம். நாலு பக்கப் பகடை போட்டு, விழுந்த அளவுக்குப் புத்தி தப்பும். அதே அளவு மனவுறுதிப் புள்ளி செலவாகும், ஒரு பந்தமும் அதே அளவு குறையும். வேலை முடிந்து வீடு திரும்பியதும், வீட்டில் என்ன நடந்தது என்று ஒரு காட்சி ஆட வேண்டும். மனைவி ஏதோ கேட்கிறாள், இவனால் பதில் சொல்ல முடிவதில்லை. ஊரைவிட்டு வந்து, ஷிஃப்டும் டூருமாகப் பிழைப்பு நடத்தும் நம்மவர்கள் நாலு பேர் இதை ஆடினோம். பூதம் வந்த காட்சிகள் எனக்கு மறந்துவிட்டன. ஒருவர் தன் மகள் பெயருக்கு எதிரே இருந்த 11-ஐ அடித்து 8 என்று எழுதியது மட்டும் நினைவிருக்கிறது. (நாலு பக்கப் பகடைக்கு நம் தாயக்கட்டையில் ஒன்று போதும், வெறும் பக்கத்தை நாலு என்று வைத்துக்கொள்ளலாம்.)

2019-ல் ஸ்வீடனிலிருந்து வந்த 'ஏலியன்', அந்தப் பெயர் கொண்ட சினிமாவைத் தழுவியது. அதில் பதற்றம் ஏற ஏறக் கூடுதல் பகடை கிடைக்கும், ஜெயிக்கும் வாய்ப்பு கூடும். ஆனால் அந்தக் கூடுதல் பகடையில் ஒன்று விழுந்தால் பீதி. பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி பிள்ளைகள் படிக்கும் லட்சணம் அப்படியே. ஒரு மாலையில் முடியும் கதைக்கு ஏற்றது.

'டென் கேண்டில்ஸ்' ஆட்டத்தை ஸ்டீஃபன் டூயி 2015-ல் எழுதினார். அறையில் விளக்கு கிடையாது, பத்து மெழுகுவர்த்திதான். பகடை தோற்கும்போதெல்லாம் ஒன்று அணையும், அந்தக் காட்சி முடியும். காற்றடித்து அணைந்தாலும் அப்படித்தான், மறுபடி ஏற்றக் கூடாது. வெளிச்சம் குறையக் குறைய ஆட்டக்காரர்களின் பகடைகளும் குறையும். எல்லாரும் இறந்துவிடுவார்கள் என்பது தொடக்கத்திலேயே தெரியும். ஆரம்பத்தில் ஒவ்வொருவரும் தம் பாத்திரத்தின் குரலில் ஒரு செய்தி பதிவு செய்து வைப்பார்கள். கடைசி மெழுகுவர்த்தி போன பிறகு, இருட்டில், அந்தக் குரல்களைப் போட்டுக் கேட்பார்கள். நான் ஆடியதிலேயே அழகானது இதுதான். ஆனாலும் எங்கள் வீட்டில் ஆட மாட்டேன். விளக்கை அணை என்ற சொல்லையே அம்மா வாயில் எடுக்க மாட்டாள், மலையேற்று என்பாள். பத்து விளக்கை ஏற்றி ஒவ்வொன்றாக அணைத்து, பேர் பேராகச் சாவது என்றால் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு கிடைக்காது. கீழ் வீட்டுப் பையனையும் நினைத்துக்கொண்டேன். நண்பர்கள் வீட்டில் ஆடுகிறவர்கள், அகல் வேண்டாம், மெழுகுவர்த்தியே வைத்துக்கொள்ளுங்கள். இதில் குறிப்புச் சீட்டுகளையும் சுடரில் காட்டி எரிப்பார்கள், ஆகவே ஒரு பித்தளைத் தாம்பாளம், ஒரு செம்புத் தண்ணீர், கட்டி வைத்த திரைச்சீலை.

செலவு பற்றிக் கேட்பீர்கள். 'கால் ஆஃப் கதூலு'வுக்கு ஒரு சுருக்க விதிநூலும் அதோடு பாஸ்டன் நகரத்துப் பேய்வீடு ஒன்றின் கதையும் பதிப்பகத்தின் வலைத்தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பத்துப் பக்கப் பகடை கிடைக்காவிட்டால் பூஜ்யம் முதல் ஒன்பது வரை சீட்டெழுதி இரண்டு சொம்பில் போட்டுக் குலுக்குங்கள். உத்திரமேரூரில் குடவோலை போட்டு ஆளைத் தேர்ந்தெடுத்த பரம்பரை நாம். அண்ணன் மகனின் குழு அப்படித்தான் தொடங்கியது, மூன்று சனிக்கிழமை ஆகிவிட்டது. அவன் பாத்திரம் ஒரு நூலகர், 55-ல் ஆரம்பித்து இப்போது 31-ல் நிற்கிறார். நிலவறையில் கிடைத்த தோலட்டைப் புத்தகத்தை இன்னும் திறக்கவில்லை. திறக்கட்டுமா என்று நேற்று போனில் கேட்டான்.